ஆன்டி எச்.பி.எஸ் டைட்டர் சோதனை: ஒரே ஆய்வகத்தில் இரண்டு முறை

செவிலியர் படிக்கும் என் மகள் மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்லுமுன், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியால் உண்டான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்துவரும்படி கல்லூரியில் கேட்டதால், எங்கள் ஊரிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்துக்கு இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை அவளை அழைத்துச் சென்றேன்.

முதல் நாளில் பில் போட்டவர் ‘எச்.பி.எஸ் ஏஜி’ என்று பதிந்துவிட்டார். அது கிருமியின் மேற்புறப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. எங்களுக்கு வேண்டியதோ, அந்தப் புரதத்தை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியின் அளவைக் காட்டும் ‘ஆன்டி எச்.பி.எஸ் டைட்டர்’. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும், முன்னதில் ‘பாசிட்டிவ்’ என்றால் நோய்த்தொற்று, பின்னதில் ‘பாசிட்டிவ்’ என்றால் பாதுகாப்பு. மகள் பில்லை வாங்கியதும் படித்துப் பார்த்ததால் அங்கேயே திருத்த முடிந்தது. வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். காலையில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் வந்திருந்தாள்.

ரத்தம் எடுத்த பெண்ணை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பெயரையும் வயதையும் மகளையே சொல்லச் சொல்லிச் சீட்டோடு ஒப்பிட்டார். புதிய ஊசியின் உறையை எங்கள் கண்ணெதிரே பிரித்தார். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் நிறைந்ததும் அதை ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, மகள் இருக்கையை விட்டு எழுமுன்பே பெயர்ச்சீட்டை ஒட்டினார். குழாய்கள் மாறிப்போகாமல் காப்பது இந்தப் பழக்கம்தான்.

மறுநாள் மாலை வாட்ஸப்பில் வந்த அறிக்கையில் ‘நான் ரியாக்டிவ்’ (ஆன்டிபாடி போதிய அளவில் இல்லை) என்ற சொல் மட்டுமே இருந்தது, அளவு இல்லை. நேரில் போய்க் கேட்ட பிறகே, மில்லிலிட்டருக்கு 4.2 மில்லி சர்வதேச அலகு என்று எழுதித் தந்தார்கள். பாதுகாப்புக்கான எல்லை 10 என்பதால் மகள் கலங்கிவிட்டாள். குழந்தைப் பருவத்தில் முழுத் தவணையும் போட்டவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல ரத்தத்திலுள்ள அளவு இறங்குவது இயல்பு என்றும், அளவு இறங்கினாலும் உடலின் நோயெதிர்ப்பு நினைவு பெரும்பாலும் அழிவதில்லை என்றும் எங்கள் மருத்துவர் விளக்கி, அதே தடுப்பூசியை ஒரே ஒரு முறை போட்டு, ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொன்னார். அப்போது வந்த அளவு 412. அந்த அறிக்கையில் எண், அலகு, எல்லை, கெமிலூமினசென்ஸ் (வேதிவினையில் வெளிப்படும் ஒளியை அளக்கும்) முறையில் செய்தது என்ற குறிப்பு எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தன. எண் தெரிந்தால்தானே மருத்துவர் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியும்? இரண்டாம் அறிக்கைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஒரு குறை மட்டும் இரண்டு முறையும் தீரவில்லை. கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்று யாருமே கேட்கவில்லை. ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் அளந்தால்தான் உடல் அந்த ஊசியை ஏற்றுக்கொண்டதா என்பது தெளிவாகத் தெரியும். போட்ட சில நாட்களிலேயே வருபவருக்குத் தவறுதலாக எச்.பி.எஸ் ஏஜி சோதனையைச் செய்துவிட்டால், ஊசிமருந்திலுள்ள புரதமே நோய்த்தொற்று போலக் காட்டிவிடக்கூடும். பில் போடும்போதே அந்தத் தேதியைக் கேட்டு அறிக்கையில் சேர்க்குமாறு மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.