முதியோர் இல்லத்தில் பொங்கல் சேவை என்று பாளையங்கோட்டைப் பக்கம் பணம் வாங்குகிறார்கள், கவனம்

நாங்கள் களக்காட்டுப் பக்கம். போன ஆடியில் எங்கள் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, தவறிவிட்டார்கள். வருஷம் திரும்பும்வரை வீட்டில் பொங்கல் விடக் கூடாது. மஞ்சள்குலை கட்டிய பானை கிடையாது, கரும்பு கிடையாது. தெருவே பொங்கல் விடும்போது நாங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. திருநெல்வேலியில் போய் மூன்று நாள் இருக்கலாம், ஒரு முதியோர் இல்லத்தில் அத்தை பெயரைச் சொல்லி ஒரு நேரச் சாப்பாடு போட்டு, நாங்களே நின்று பரிமாறலாம், மறுநாள் பிள்ளைகளை நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப் போகலாம் என்று கிளம்பினோம். இரண்டு இடத்திலும் ஏமாந்தோம். ஹோட்டல் விஷயம் சின்னது. இல்லத்து விஷயம்தான் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மார்கழி கடைசியில் எங்கள் மதினி வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பை அனுப்பினார்கள். அவர்களுக்கும் யாரோ அனுப்பியது, அவர்கள் மேல் தப்பில்லை. வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் வயசானவர்கள் படம். மேலே பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு இல்லத்தின் பெயர். ‘தைப்பொங்கல் அன்று தாத்தா பாட்டிகளுக்குப் பரிமாற வாருங்கள்’ என்று போட்டு, ஆளுக்கு 300 ரூபாய் பதிவுக் கட்டணம், டி-சர்ட், சான்றிதழ் உண்டு என்று எழுதியிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குச் சான்றிதழ் உதவும் என்று பட்டது. கீழே இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பையன் எடுத்தான். அவ்வளவு மரியாதை. “அம்மா, நீங்க அத்தை பேருக்கே அன்னதானம் பண்ணலாம்மா. 50 பேருக்கு, தலைக்கு 70 ரூபாய். அத்தை போட்டோ அனுப்புங்க, ஹால்ல மாலை போட்டு வச்சிருவோம்” என்றான்.

போட்டோ என்றதும் நான் கரைந்துவிட்டேன். நாலு பேருக்குப் பதிவு 1200, சாப்பாடு 3500, மொத்தம் 4700 ரூபாயை உடனே ஜிபேயில் அனுப்பினேன். அனுப்பும் முன் திரையில் ஒரு தனி ஆள் பெயர் வந்தது, இல்லத்தின் பெயர் இல்லை. அதைப் பார்த்தேன். பொறுப்பாக இருக்கிற பையன் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ரசீது கேட்டதற்கு, பொங்கலன்று கையில் தருவதாகச் சொன்னான். திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபோதே கையை நிறுத்தியிருக்க வேண்டும்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று சிறுகிழங்கு கொண்டுபோனோம். எங்கள் பக்கம் பொங்கலுக்கு நெல் வீட்டுக்கு வந்திராது, பிசான நெற்பயிர் வயலில்தான் நிற்கும். ஆனால் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை, அத்தைக்கு உயிர் அது. முந்தின நாள் நாலு கிலோவை ஈரச் சாக்கில் போட்டு, துவைக்கிற கல்லில் அடித்துத் தேய்த்து, ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டி, தண்ணீரில் போட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டோம். என் மகள் விரல் எல்லாம் கறுத்துப் போய், இரண்டு நாள் கறை போகவில்லை.

பொங்கலன்று ஜங்ஷனில் எடுத்த ரூமில் இருந்து பத்து மணிக்கு அந்த இல்லத்துக்குப் போனோம். வாசலில் டி-சர்ட் போட்ட ஒருத்தரும் இல்லை. அந்தப் பையனுக்குக் கூப்பிட்டால் போன் அணைத்து வைத்திருக்கிறது. உள்ளிருந்து பொறுப்பாளர் அம்மா வந்தார்கள். தூக்குவாளியோடு நின்ற எங்களைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

“நீங்களும் போனில் பணம் கட்டிட்டு வந்தியளா? காலையிலேருந்து நீங்க மூணாவது குடும்பம்மா.”

அந்த அறிவிப்பை அவர்கள் இல்லம் போடவே இல்லை. பெயரை மட்டும் எடுத்துப் போட்டு, படத்தை எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறார்கள். அன்றைய சாப்பாட்டை இரண்டு மாசத்துக்கு முன்பே ஒரு குடும்பம் பணம் கட்டி உறுதி செய்திருந்தது. அந்த அம்மா சொன்ன இன்னொரு விஷயத்தைத் தயவுசெய்து எல்லாரும் மனசில் வைக்க வேண்டும். “பொங்கல், தீபாவளிக்கெல்லாம் ஆள் முன்னாடியே சொல்லி வச்சிருவாங்க. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, அன்னைக்கு யாரும் வரமாட்டாங்க. அப்புறம், பரிமாற வர்றவங்ககிட்ட நாங்க காசு வாங்குறதே இல்லம்மா.”

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா போட்டோ மாலையோடு இருக்கும் என்று நினைத்து வந்த மனுஷன். எங்கள் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவே தூக்குவாளியை வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி ஒரு கிழங்கை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “எந்த ஊருக் கெழங்கு?” என்று கேட்டார்கள். களக்காடு என்றேன். “மண்ணு வாசம் அப்படியே இருக்கு தாயீ” என்று சொல்லி, அரிவாள்மனையை என் பக்கம் நகர்த்தினார்கள். மத்தியானம் வரை அங்கேயே இருந்து நறுக்கினோம், பரிமாறினோம், பாத்திரம் கழுவினோம். ஒரு ரூபாய் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் என் மகன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டான். பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு புகார் எண் தந்தார்கள். பணம் போன உடனேயே சொன்னால், ஏமாற்றியவன் எடுக்கும் முன் வங்கியில் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அனுப்பிப் பல நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.

அறிவிப்பில் இருக்கும் எண்ணை நம்பாமல், இல்லத்தின் எண்ணை வேறு வழியில் தேடிப் பேசுங்கள். முடிந்தால் நேரில் ஒரு தடவை போய்விடுங்கள். பணத்தை இல்லத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பி, அன்றைக்கே ரசீது வாங்குங்கள். எந்த இல்லம் என்றே தெரியாவிட்டால் முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது, அதில் விசாரிக்கலாம். இதெல்லாம் எனக்கு அந்தப் பொறுப்பாளர் அம்மாவும் என் மகனும் பிறகு சொன்னது.

சரி, ஹோட்டல். மாட்டுப்பொங்கல் மத்தியானம், மாநகருக்குள் பெரிய ஏசி உணவகம் ஒன்று. ‘நெல்லைப் பாரம்பரிய விருந்து, சொதியுடன்’ என்று வாசலில் போர்டு. இலைக்கு 450 ரூபாய். சொதி எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் வைப்பது. பாசிப்பருப்பு குழைந்து, தேங்காயின் இரண்டாம் பாலில் காய் வெந்து, கடைசியில் தலைப்பாலை ஊற்றிக் கொதிக்கும் முன் இறக்கி, ஆறினபிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கூட இஞ்சித் துவையல் இருக்க வேண்டும். அங்கே வந்ததில் சோம்பும் பட்டையும் மணந்தது, மாவு கரைத்து ஊற்றியது போல் கரண்டியில் கட்டியாக நின்றது. இஞ்சித் துவையல் கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். எங்களுக்கு முன்னால் சாப்பிட்டவர்கள் இலையிலும் அது இல்லை. வெள்ளைக் குருமாவைச் சொதி என்று வெளியூர்க்காரர்களுக்குப் பரிமாறினால், அவர்கள் சொதி என்றால் இதுதான் போலும் என்று நினைத்துப் போய்விடுவார்களே என்றுதான் எனக்குக் கோபம்.

பில்லில் நாலு இலைக்கு 1800, அதன் கீழ் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 180, அந்த 1980-க்கும் சேர்த்து ஜிஎஸ்டி 99, ஆக 2079 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை, கடைக்காரர் தானாகப் போடுவது. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கவோ, அதன் மேல் ஜிஎஸ்டி போடவோ கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உணவகங்கள் எதிர்த்து வழக்குப் போட்டும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

கல்லாவில் இருந்தவரிடம் என் வீட்டுக்காரர், “அண்ணாச்சி, இதை எடுத்துருங்க” என்றார். “பண்டிகை நாள் சார், எல்லாருக்கும் இதுதான்” என்றார் அவர். முந்தின நாள் ஏமாந்த கோபத்தில் இருந்த என் மகன் அங்கேயே நுகர்வோர் உதவி எண் 1915-ஐப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மணி போகும்போதே வேறு பில் வந்துவிட்டது: 1890 ரூபாய். அந்த ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் எல்லாரும் பழைய கணக்கிலேயே கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

4700 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. அந்த எண் அணைந்தே கிடக்கிறது. ஆனால் அதே படம், இல்லத்தின் பெயரை மட்டும் மாற்றி, எழுத்தின் நிறத்தையும் மாற்றி, போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடி வந்தது. உங்களுக்கும் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆடியில் அத்தைக்கு வருஷத் திதி வருகிறது. போன மாசமே நாங்கள் அந்த இல்லத்துக்கு நேரில் போய், அலுவலக மேசையில் பணம் கட்டி ரசீது வாங்கிவிட்டோம். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே வேறு யார் பெயரும் இல்லை. கிளம்பும்போது அடுப்படி ஆச்சி எட்டிப் பார்த்து, “ஆடியில சிறுகெழங்கு கிடைக்காதே தாயீ, என்ன கொண்டாருவ?” என்று கேட்டார்கள். வாழைக்காய் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.