மாட்டுங்கா ஸ்டேஷன் வாசல் பேப்பர் கடை

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில், சென்ட்ரல் லைன் பக்கம், கிழக்கு வாசலை விட்டு வெளியே வந்தால் ஒரு பேப்பர் கடை இருக்கிறது. ஒரு மரப்பெட்டி, மேலே நீலத் தார்ப்பாய், அவ்வளவுதான். நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. நான் ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். எட்டே முக்கால் வண்டியைப் பிடிப்பதற்கு முன்னால் இங்கே நிற்காமல் போவதில்லை. சீசன் பாஸுக்கு அடுத்தபடி நான் முணுமுணுக்காமல் காசு கொடுப்பது இந்தக் கடைக்குத்தான்.

முதலில் அடுக்குகிற விதம். மராத்திப் பேப்பர்களான லோக்சத்தாவும் மகாராஷ்டிரா டைம்ஸும் ஒரு பக்கம், இங்கிலீஷ் பேப்பர்கள் நடுவில், தினத்தந்தி மும்பைப் பதிப்பு இந்தப் பக்கம். ஓரத்தில் 1822இலிருந்து வருகிற குஜராத்திப் பேப்பர் மும்பை சமாச்சார், பக்கத்து பில்டிங் பெரியவர்களுக்காக. எல்லாம் தலைப்பு தெரியும்படி விரித்து, மேலே செங்கல் துண்டு. மீதிச் சில்லறைக்காக நிற்கிற நேரத்தில் கண் தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மழைக்கு முன்னால் நாலாவை, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயை, தூர் வாரியதாகக் கணக்குக் காட்டியது ஒரு பேப்பரில் முதல் பக்கம், இன்னொன்றில் ஏழாம் பக்கத்தில் நாலு வரி, மூன்றாவதில் அந்த இடத்தில் அரசாங்க விளம்பரம். ஃபோனில் எனக்கு வருவது எனக்குப் பிடித்தது மட்டும். எந்தப் பேப்பர் எதை விட்டுவிட்டது என்று தெரிய இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாலா சங்கதியைச் சும்மா சொல்லவில்லை. மும்பை மாநகராட்சியின் பழைய கவுன்சிலர்களுக்கு 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் கமிஷனரே நிர்வாகி. வார்டில் போய்ச் சண்டை போட ஆள் இல்லாத அந்தக் காலத்தில், தூர் வாரினீர்களா என்று கேட்டு எழுதியவர்கள் இந்தப் பேப்பர்களின் நிருபர்கள்தான்.

2024 நவம்பரில் சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் ஒருநாள் அண்ணாச்சி ஒரு பேப்பரைப் பிரித்து, உள்பக்க மூலையை விரலால் தட்டினார். நெருக்கமாக ஒரு கட்டம்: வேட்பாளர் பெயர், எந்தக் கோர்ட், கேஸ் நம்பர், எந்தப் பிரிவு. மேலே அரைப் பக்கத்துக்குப் புடவைத் தள்ளுபடி. "இத யாரும்மா படிக்காவ? புடவையத்தான் கிழிச்சிட்டுப் போறாவ" என்றார். குற்ற வழக்கு இருக்கிற வேட்பாளர் அதைப் பேப்பரில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. மூன்று முறை போட வேண்டும், எழுத்து 12 பாயிண்டுக்குக் குறையக் கூடாது என்று தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. 2020 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே: இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது. எல்லாம் சரி, முதல் பக்கத்தில் போடச் சொல்லவில்லையே!

பிரிவு எண்கள் எனக்குத் தினசரிச் சோறு என்பதால் அங்கேயே படித்துச் சொன்னேன்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420 மோசடி, 147 கலவரம். பால் பாக்கெட்டோடு நின்ற ஒரு அக்கா, "எந்தத் தொகுதி, நம்மளா?" என்று எட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அன்றைக்கு எட்டே முக்கால் வண்டி போய்விட்டது.

ஆபீஸில் பழைய தீர்ப்பு ஒன்றை டைப் அடித்ததிலிருந்து இந்தப் பெட்டிக்கடை மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ரொமேஷ் தாப்பர் வழக்கு, 1950. பம்பாயில் அவர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற இங்கிலீஷ் வாரப் பத்திரிகை மெட்ராஸ் மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அங்கிருந்த அரசு தடுத்தது. தடை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கருத்தைச் சொல்லும் உரிமையில் அதை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமையும் அடக்கம், சேராத பத்திரிகையை அச்சடித்துப் பிரயோஜனமில்லை என்பது அதன் சாரம். கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையின் கடைசிக் கண்ணி, செங்கல் துண்டோடு நிற்கிற நம் அண்ணாச்சி.

அந்தக் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று 2020 ஏப்ரலில் பார்த்தோம். ரயில் விடப்போகிறார்கள் என்று பரவிய பேச்சை நம்பி 14ஆம் தேதி பாந்த்ரா ஸ்டேஷன் வெளியே ஆயிரக்கணக்கில் தொழிலாளிகள் கூடினார்கள். அதே வாரத்தில் வீடு வீடாகப் பேப்பர் போடுவதை மாநில அரசு நிறுத்தி வைத்தது. எங்கள் பில்டிங்கில் அப்புறம் வாட்ஸ்அப் ஃபார்வர்டு மட்டும்தான். கபசுரக் குடிநீரிலிருந்து ராணுவம் வரப்போகிறது என்பதுவரை.

குறைகளும் உண்டு. தமிழ் வார இதழ்கள் ஊரில் எல்லாரும் படித்து முடித்த பிறகுதான் இங்கே வரும். தினத்தந்தியில் பாதிக்கட்டை வாடிக்கைக்காரர்களுக்கென்று ரப்பர் பேண்ட் போட்டு ஒதுக்கிவிடுவார். புதிதாக வருகிறவர்கள் எட்டு மணிக்கு மேல் போனால் "தீந்துபோச்சு" என்ற பதில்தான். யார் என்ன கட்சி என்று அவரே முடிவு செய்து, கேட்கும் முன்பே ஒரு பேப்பரை மடித்து நீட்டுவார். அது எனக்குப் பிடிக்காத பழக்கம். வேண்டுமென்றே மாற்றிக் கேட்டால் ஒரு முறை முறைப்பார், பரவாயில்லை. மழைக்காலத்தில் ஓரம் நனைந்த பேப்பருக்கும் முழு விலைதான்.

ஐந்துக்கு நான்கு. ஜிபே உண்டு, ஆனால் ஐந்து ரூபாய்க்கு ஃபோனை நீட்டினால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். சில்லறை கொண்டு போங்கள்.