வீட்டு சர்வரில் நேரலைத் தொலைக்காட்சி: டிக்கோயாவிலிருந்து நீண்டகாலப் பாவனை அனுபவம்

வீட்டுக் கணினியிலேயே ஓடும் இலவச மீடியா சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபினில் லைவ் டீவி போட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. போடலாமா என்று கேட்பவர்களிடம் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நூற்றுக்கணக்கில் சேனல் வரும் என்ற ஆசையில் போடாதீர்கள். காலையில் வேலைக்கு இறங்கி மாலையில் திரும்பும் ஆட்கள் உள்ள வீட்டில், நிகழ்ச்சியைப் பதிவு பண்ணி வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

எங்கள் பக்கத்தின் நிலைமை இலங்கை மலையகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பீதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், ரூபவாஹினியின் பரப்பு நிலையம் இருக்கிறது. இருந்தும் நடுவில் ஒரு மலை மறித்தால் பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அன்டெனாவில் புள்ளி புள்ளியாகத்தான் படம் வரும். டிஷ் வைத்தால் தெளிவு உண்டு, ஆனால் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் அடை மழையில் சிக்னல் அறுந்துபோகும். செய்மதி அனுப்பும் கேயூ பட்டை அலையை மழைத்துளி உறிஞ்சிவிடுவதுதான் காரணம். மண்சரிவு எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கவேண்டிய நேரத்தில்தான் திரை கறுப்பாகும். 4ஜி இணையம் அந்த மழையிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. அதை நம்பித்தான் இதில் இறங்கினேன்.

சர்வர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 உள்ள பழைய லேப்டொப், அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். மூடியைச் சாத்தினாலும் தூங்காதபடி ஒரு வரி மாற்றி அலுமாரி மேல் வைத்திருக்கிறேன். ப்ளெக்ஸ், எம்பி என்ற இதே வகை மென்பொருள்கள் இரண்டையும் விட்டு ஜெல்லிஃபினுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. சேனல்களின் இணைய முகவரிகளை அடுக்கி வைத்த எம்3யூ பட்டியலை ப்ளெக்ஸ் நேரடியாக ஏற்காது, எம்பியில் லைவ் டீவிக்குக் கட்டணச் சந்தா வேண்டும். எம்பி தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து பிறந்ததுதான் ஜெல்லிஃபின். லைவ் டீவி, பதிவு, வீடியோவை டீவிக்கு ஏற்ற வடிவத்துக்குச் சிப்பின் உதவியால் மாற்றும் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங் எல்லாமே இலவசம். இப்படி ஒன்றைத் தங்கள் நேரத்தைக் கொடுத்து ஆக்கித் தருகிறவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

நிறுவுவது சுலபம். டாஷ்போர்டில் லைவ் டீவி பகுதிக்குப் போய், ட்யூனர் என்ற இடத்தில் எம்3யூ முகவரியையும், வழிகாட்டி என்ற இடத்தில் நிகழ்ச்சி நேர அட்டவணையான எக்ஸ்எம்எல்டிவி கோப்பையும் கொடுத்தால் சேனல்கள் வந்துவிடும். அரை மணித்தியால வேலை. மற்ற உழைப்பெல்லாம் அந்தப் பட்டியலிலும் வழிகாட்டியிலும்தான் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

முதலில் பட்டியல். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஐபிடிவி-ஓஆர்ஜி என்ற திட்டம், உலகம் முழுவதும் பொதுவில் கிடைக்கும் ஒளிபரப்பு இணைப்புகளை மொழிவாரியாகவும் நாடுவாரியாகவும் திரட்டி வைத்திருக்கிறது. தமிழுக்குத் தனிப் பட்டியலும் இலங்கைக்குத் தனிப் பட்டியலும் உண்டு. தமிழ்ப் பட்டியலில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுச் சேனல்கள். சிலவற்றின் பெயருக்குப் பக்கத்திலேயே நாட்டுத் தடை உள்ளது என்றோ, 24 மணி நேரமும் ஓடாது என்றோ குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை மதித்து ஆரம்பத்திலேயே அவற்றை நீக்கிவிடுங்கள். இன்று ஓடும் இணைப்பு அடுத்த மாதம் ஓடும் என்று உத்தரவாதமில்லை. ஆகவே முழுப் பட்டியலையும் அப்படியே சர்வரில் ஏற்றாமல், வீட்டில் உண்மையில் பார்க்கும் சேனல்களை மட்டும் எடுத்துச் சொந்தமாக ஒரு சிறிய எம்3யூ கோப்பு எழுதுவதே சரி. எங்கள் கோப்பில் ஒரு கை விரல்களை இரண்டு முறை மடக்கினால் எண்ணி முடித்துவிடலாம். அம்மாவுக்கு ரிமோட்டில் மூன்று தடவை அமுக்கினால் செய்தி வரவேண்டும். அது நடக்கிறது.

அடுத்தது வழிகாட்டி. இது இல்லாவிட்டால் பதிவு இல்லை, ஏனென்றால் எத்தனை மணிக்கு எது என்று சர்வருக்குத் தெரியாது. பட்டியலில் ஒவ்வொரு சேனலுக்கும் டிவிஜி-ஐடி என்று ஒரு அடையாளம் இருக்கும். வழிகாட்டிக் கோப்பில் உள்ள அடையாளமும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் தானாகப் பொருந்தும். இல்லாவிட்டால் ஜெல்லிஃபினிலேயே ஒவ்வொன்றாகக் கையால் பொருத்தலாம், சிறிய பட்டியலுக்கு அது பாரமில்லை. வழிகாட்டியைத் திரட்டவும் அதே திட்டத்தில் ஒரு கருவி இருக்கிறது. தினம் அதிகாலையில் அது ஓடிப் புதிய கோப்பை எழுத, பிறகு ஜெல்லிஃபின் அதைப் படிக்கிறது. நேரம் பிசகினால் கோப்பில் +0530 என்ற நேர வலயக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் இதில் நமக்குப் பாதித் தலைவலி குறைவு.

இப்போது பதிவு. அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். காலையில் மலைக்கு ஏறினால் தராசில் நிறுத்துக் கொடுத்து வீடு வரப் பொழுது சாய்ந்துவிடும். நடுப்பகல் செய்தியும் பிற்பகல் தொடரும் அவருக்கு என்றுமே கிடைத்ததில்லை. இப்போது தொடர் பதிவு என்று ஒரு முறை சொல்லி வைத்தால் அந்த நிகழ்ச்சி வரும்போதெல்லாம் சர்வர் எடுத்து வைத்துக்கொள்கிறது. நேரத்துக்குச் சரியாகத் தொடங்காத சேனல்கள் உண்டு, எனவே முன்னால் 2 நிமிடமும் பின்னால் 10 நிமிடமும் கூட்டிப் பதிவு செய்கிறேன். குளித்து, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, தனக்குப் பிடித்ததைத் தன் நேரத்தில் பார்க்கிறார். இதற்காகவே இந்த சர்வரை வைத்துப் பராமரிப்பேன்.

டேட்டா கணக்கைக் கவனமாகப் பாருங்கள். 720பி தரத்தில் விநாடிக்கு 2.5 மெகாபிட் போனால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 1.1 ஜிபி. 1080பியில் 5 மெகாபிட் என்றால் அதன் இரட்டிப்பு. வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் வகை இணைப்பை ஜெல்லிஃபின் பகிர்ந்து கொடுக்காது. அதாவது ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே அதையே பார்த்தால் இரண்டு தடவை இறங்கும். ட்யூனர் அமைப்பில் ஒரே நேரத்தில் 2 ஓட்டம் மட்டும் என்று எல்லை போட்டு வைத்திருக்கிறேன். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தரும் பெக்கேஜ் உங்களிடம் இருந்தால், அதிகாலை பக்தி நிகழ்ச்சிகளும் காலைச் செய்தியும் இரவுக் கணக்கிலேயே பதிவாகிவிடும். எங்கள் மாதக் கணக்கைக் காப்பாற்றியது அதுதான்.

கரண்ட் விஷயத்தில் லேப்டொப்பே சிறந்தது. மின்சாரம் நின்றாலும் பேட்டரி தாங்கும், பதிவு பாதியில் உடையாது. ஆனால் ரவுட்டருக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டாலும் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். சராசரி 12 வாட் என்று வைத்தால் மாதத்துக்கு 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சிறிய தொகை போலத் தெரியும், ஆனால் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டண அடுக்கே மாறிவிடும். விளிம்பில் இருக்கும் வீடுகள் இதை முன்பே கூட்டிப் பார்க்கவேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. சேனல் மாற்றினால் படம் வர சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். எச்எல்எஸ் துண்டு துண்டாக வருவதால் உண்மையான ஒளிபரப்புக்கு அரை நிமிடம்கூடப் பின்தங்கலாம். கிரிக்கெட் நாளில் பக்கத்து லயத்தில் அன்டெனா வைத்திருப்பவர்கள் கத்திய பிறகுதான் எங்கள் திரையில் விக்கெட் விழும். பழைய டீவிக்கு டிரான்ஸ்கோடிங் தேவைப்பட்டால் ஜெல்லிஃபின் பயனரை லினக்ஸின் ரெண்டர் என்ற அனுமதிக் குழுவில் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் இன்டெல் சிப்பின் வீடியோ பகுதியைத் தொடமுடியாமல் சிபியூ கொதித்துவிடும்.

மாதம் இவ்வளவு கொடுத்தால் ஆயிரம் சேனல் என்று வொட்ஸ்அப்பில் விற்கும் பட்டியல்களை வாங்காதீர்கள். கட்டணச் சேனல்களைத் திருடி விற்கும் வேலை அது. உழைத்த காசைக் கொடுத்துவிட்டு, இணைப்பு செத்த நாளில் கேட்க ஆளில்லாமல் நிற்பதும் நாம்தான்.

பதிப்பை உயர்த்துமுன் ஜெல்லிஃபினின் டேட்டா கோப்புறையையும் கான்ஃபிக் கோப்புறையையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். 2025 ஒக்டோபரில் வந்த 10.11 பதிப்பு தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றியது. மாற்றம் முடிய நேரமெடுக்கும், நடுவில் கரண்ட் போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். சொந்தமாக எழுதிய எம்3யூ கோப்பை மட்டும் போனிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அது இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒரு மாலையில் திரும்பக் கட்டிவிடலாம்.