அசெம்ப்ளில ஸ்ட்ரிங் நீளம்: ஸ்காஸ்பியா, 8 பைட்டு கணக்கா, எஸ்எஸ்ஈ2வா?

எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி சிப்பு) ஸ்ட்ரிங் நீளம் எண்ணனும்னா, கடைசில வர்ற சைபர் பைட்டு எங்கன்னு தேடணும். அதுக்கு பழைய புக்கு படிச்சவங்க தூக்கிட்டு வர்றது ரெப்னி ஸ்காஸ்பி (repne scasb) தான். 8086லயே இருந்தது, ஒரே வரி, பாக்க அழகு. ஆனா இப்ப உள்ள பெரும்பாலான சிப்புல அது மைக்ரோகோடுல (சிப்புக்குள்ள இருக்குற குட்டி ப்ரோக்ராம்ல) மெதுவா ஓடுது, பைட்டுகள காப்பி பண்ற ரெப் மோவ்ஸ்பிக்கு கிடைச்ச வேகம் இதுக்கு கிடைக்கல, சும்மா ஒவ்வொரு பைட்டா பாக்குற லூப்பே இத முந்திடும். அந்த லூப்பும் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) ஒவ்வொரு காம்பரா கதவா தட்டிட்டு போற கதை தான்.

அடுத்தது 8 பைட்ட ஒரே ரெஜிஸ்டர்ல அள்ளி, எல்லா பைட்டுலயும் 1 கழிச்சு, ஒவ்வொரு பைட்டோட மேல் பிட்ட மட்டும் விட்டு வைக்கிற ஹெக்ஸ் 80 மாஸ்க்கோட ஆண்ட் பண்றது; பிட்டு நின்னா அங்க சைபர்னு அர்த்தம். இதுல தான் நம்மாளுங்க மாட்டுவாங்க. நடுவுல பழைய மதிப்ப நாட் பண்ணி (பிட்டுகள தலைகீழாக்கி) ஒரு ஆண்ட் போடணும், ஆஸ்கி (ஆங்கில எழுத்து, 80க்கு கீழ உள்ள பைட்டு) மட்டும்னா அது தேவையில்லன்னு சில பேர் வெட்டிருவாங்க. தமிழ் யுடிஎஃப்-8ல எல்லா பைட்டும் ஹெக்ஸ் 80 இல்லாட்டி அதுக்கு மேல தான், முதல் பைட்டு இ0ல 1 கழிச்சாலும் டிஎஃப், மேல் பிட்டு அப்படியே நிக்கும், அதனால "ஹட்டன்"னு குடுத்தா முதல் பைட்டுலயே சைபர் வந்துருச்சுன்னு பொய் அலாரம் அடிக்கும். மெட்ராஸ்ல எழுதுனாலும் மஸ்கெலியால எழுதுனாலும் இதே கதி.

எஸ்எஸ்ஈ2ல (16 பைட்ட சேத்து வேலை செய்யிற இன்ஸ்ட்ரக்ஷன் கூட்டம்) இந்த தலவலியே இல்ல. 16 பைட்ட ஒரேயடியா சைபரோட ஒப்பிட்டு, பைட்டுக்கு ஒரு பிட்டா மாஸ்க்க எடுத்து, முதல் 1 பிட்டு எங்கன்னு பிஎஸ்எஃப் இன்ஸ்ட்ரக்ஷன்ல பாத்தா முடிஞ்சுது. தமிழ்ல குறியீடு ஒன்னுக்கு 3 பைட்டுங்கிறதால "பதுளை" 15, கடைசி சைபரோட சரியா 16, அலைன் ஆகி இருந்தா (16ஆல வகுபடுற அட்ரஸ்ல தொடங்குனா) ஒரே லோடு. "ஹட்டன்" 18, ரெண்டாவது லோடு வேணும். (எழுத்து எத்தனைன்னு கேக்காதீங்க, இது பைட்டு எண்ணுற சாமான்.) அட்ரஸ 16ஆல வகுபடுற எடத்துக்கு கீழ இறக்கித்தான் லோடு பண்ணணும், அப்ப 4096 பைட்டு பேஜ தாண்டவே தாண்டாது, அடுத்த பேஜ் இல்லாட்டியும் செக்ஃபால்ட் (இல்லாத மெமரிய தொட்டு ப்ரோக்ராம் சாகுறது) வராது, முன்னால ஒட்டிக்கிட்ட பைட்டுகளோட பிட்டு மட்டும் மாஸ்க்குல இருந்து ஷிஃப்ட் பண்ணி தள்ளிருங்க.

எஸ்எஸ்ஈ4.2ல ஸ்ட்ரிங்குக்குன்னே பிகம்ப்ஐஸ்ட்ரிஐ இருக்கு, பேரு தான் பெருசு, இதுக்கு எஸ்எஸ்ஈ2வே வேகம்.

இன்னும் புதுசான ஏவிஎக்ஸ்2 ஒரேயடியா 32 பைட்டு அள்ளும், அலைன் ஆகி இருந்தா "நுவரெலியா" 27 ஒரே வாய்ல போயிரும். பெரிய ஃபைல்னா போடுங்க. ஆனா 2013 ஹேஸ்வெல்லுக்கு முந்தின லேப்டாப்ல அது இல்ல, தோட்டத்து புள்ளைங்க கையில இருக்குற செகண்ட் ஹேண்ட்ல அந்த ரகமும் இருக்கும், சிபியுஐடி (சிப்புல என்ன இருக்குன்னு கேக்குற இன்ஸ்ட்ரக்ஷன்) பாக்காம ஓட்டுனா இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு செத்துரும். எஸ்எஸ்ஈ2 எல்லா 64 பிட்டு எக்ஸ்86லயும் இருக்கு, ஊரு பேரு ஆளு பேரு மாதிரி சின்ன ஸ்ட்ரிங்குக்கு நான் அதத்தான் போடுவேன்.