ரோட்டவேட்டர்: மேலே பொலபொல, கீழே இறுக்கம்

ஒரே ஓட்டத்தில் விதைப்புக்கு மண்ணைப் புழுதியாக்குவதில் ரோட்டவேட்டரை, அதாவது டிராக்டரின் பின்னால் பூட்டும் சுழல்கத்திக் கலப்பையை, மிஞ்ச ஆளில்லை. ஆனால் கத்தி இறங்குவது 10–15 செ.மீ.தான். வருஷக்கணக்கில் அதே ஆழத்தில் ஓட்டினால் கீழ்மண் இறுகித் தட்டு கட்டும். மழைநீர் மேலேயே தேங்கும். சந்தேகமா? ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள், ஆணிவேர் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். அதற்கு, உளி போன்ற முனையால் மண்ணை ஆழமாகக் கிழிக்கும் உளிக்கலப்பைதான் மருந்து: 30–40 செ.மீ. ஆழம், மண் காய்ந்திருக்கும்போது. ஈரத்தில் இழுத்தால் தட்டு உடையாது, கீறல்தான் விழும்.

ரோட்டவேட்டருக்கோ மிதமான ஈரம் வேண்டும். மண்ணை உருண்டை பிடித்துத் தட்டினால் உதிரணும். கையில் ஒட்டினால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். மாவாக அரைத்துவிட்டாலும் வம்பு, அடுத்த மழையில் மேலோடு கட்டி முளை வெளிவராது. ரோட்டவேட்டரின் பின்பக்கம் தொங்கும் பலகையைத் தூக்கி, டிராக்டரைச் சற்று வேகமாக விட்டால் சிறு கட்டிகள் மிஞ்சும். தேய்ந்த கத்தியை மாற்றிவிடுங்கள். அது மண்ணை வெட்டாமல் மெழுகிவிடும்.