நாய்க் காதுப் புண் திரும்பத் திரும்ப வருகிறதா? கழுவும் திரவமும் சொட்டு மருந்தும் – ஒரு மதிப்பீடு

மலையகத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் பாதி மிஞ்சிய காது மருந்துப் போத்தல் ஒன்று எங்காவது ஒரு தட்டில் நிற்கும். நாய் தலையை உதறத் தொடங்கியதும் அதை எடுத்து நாலு நாள் விடுவார்கள். நாற்றம் குறையும், போத்தல் பழைய இடத்துக்கே போகும். இரண்டு மாதத்தில் அதே காது, அதே நாற்றம். உடனே பார்மசியில் போய் "போன தடவை தந்தது சரியில்லை, வேறு தாங்க" என்று கேட்பது வழக்கம்.

பெரும்பாலான நேரம் மருந்தில் பிழை இருக்காது. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, அல்லது போதுமான நாள் விட்டிருக்க மாட்டார்கள். அதனால் இந்த மதிப்பீட்டில் சொட்டு மருந்துக்கு முன்னால் கழுவும் திரவத்தையே வைக்கிறேன். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், மூன்றாவது சொட்டு மருந்துப் போத்தலை வாங்காமல் நல்ல கழுவும் திரவம் ஒன்றை வாங்குங்கள். கூடவே காது அழுக்கை வைத்தியர் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பரிசோதனைக்கும் செலவழியுங்கள்.

நாயின் காதுக் குழாய் நம்முடையதைப் போல நேராக உள்ளே போவதில்லை. 'ட' என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு பக்கவாட்டில் ஒரு கோடு. அதே வடிவம்தான். நாயின் பருமனைப் பொறுத்து மொத்தம் 5 முதல் 10 சென்ரிமீட்டர் நீளம் இருக்கும், செவிப்பறை பக்கக் கோட்டின் கடைசியில். வெளியே தெரியும் அழுக்கைத் துடைத்துவிட்டு "காது சுத்தம்" என்று நினைக்கும்போது, மூலையில் மெழுகும் சீழும் அப்படியே கிடக்கும். மேலே விடும் மருந்து அந்த மெழுகில் ஊறி நின்றுவிடும்.

கழுவும் திரவங்களில் விர்பாக் நிறுவனத்தின் எபி-ஓட்டிக் வகையைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலமும் டொக்குசேட் என்ற மெழுகு கரைப்பானும்தான் முக்கியம். மெழுகு இளகும், ஈரம் தங்குவது குறையும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் இருக்கிறது. அங்கே குளிப்பாட்டிய நாயின் காது எளிதில் காயாது. அதனால் இந்தக் கடைசிப் பண்பு மற்ற இடங்களைவிட இங்கே அதிகம் உதவும். வேறு பெயரில் கிடைத்தாலும் பாதகமில்லை. லேபலில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அற்ககோல் கூடிய திரவத்தைப் புண்ணான காதில் விட்டால் நாய் துடித்துப்போகும், அடுத்த முறை காதைத் தொடவே விடாது.

கழுவும் விதத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். போத்தலை முதலில் உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்தி வையுங்கள். தலவாக்கலையில் விடியற்காலைக் குளிரில் அலுமாரியிலிருந்து எடுத்த திரவத்தை நேரே ஊற்றினால் எந்த நாயும் பாய்ந்து ஓடும். கொதிநீரில் போட்டுச் சூடாக்கவும் கூடாது. நாயை ஒரு மூலையில் உட்காரவைத்து, காது மடலை மேல்நோக்கி நேராகப் பிடியுங்கள். குழாயின் வாயில் திரவம் குளம் போல நிற்கும்வரை ஊற்ற வேண்டும். நடுத்தர நாய்க்கு ஒரு காதுக்குச் சுமார் 5 மில்லிலீட்டர் பிடிக்கும். நாலு துளி விடுவது கழுவல் ஆகாது. மடலை விடாமலே மற்றக் கையால் காதின் அடியை, தாடை எலும்புக்குச் சற்று மேலே, முப்பது விநாடி பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் திரவம் போதாது, அல்லது குழாய் வீங்கி அடைத்திருக்கிறது.

பிறகு ஒரு துவாயைத் தலைமேல் போட்டு, நாயை உதற விடுங்கள். மூலையில் கிடந்தது மேலே வருவது அந்த உதறலில்தான். விரலில் சுற்றிய பஞ்சால், விரல் போகும் அளவுக்கு மட்டும் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம், அது அழுக்கை மூலைக்குள் இடித்துத் தள்ளிவிடும். பஞ்சு கறுப்பாக வந்தால் மறுபடி ஊற்றுங்கள். மூன்றாம் முறை வெளிறி வரும். இரண்டு காதுக்கும் ஒரே பஞ்சைப் பாவிக்காதீர்கள். கழுவிய கையோடு மருந்து விட்டால் மிச்ச ஈரத்தில் மருந்து நீர்த்துப்போகும், அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

125 மில்லிலீட்டர் போத்தல் இந்தக் கணக்கில் இரண்டு காதுக்கும் பன்னிரண்டு தடவை ஊற்ற வரும், மறுபடி மறுபடி ஊற்ற வேண்டியிருந்தால் அதற்கு முன்பே முடிந்துவிடும். நோய் இருக்கும்போது எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை வைத்தியர் சீழின் அளவைப் பார்த்துச் சொல்வார். ஆறிய பிறகு, அடிக்கடி நோய் வரும் காதுக்குக் கிழமைக்கு ஒரு முறை போதும். நோயே இல்லாத காதை அக்கறையில் தினமும் கழுவினால் தோல் ஊறி வெளுத்து, அதுவே நோய்க்கு வழிவிடும்.

இனி சொட்டு மருந்துகள். பெரும்பாலானவை மூன்று மருந்துகளின் கூட்டு: பூஞ்சைக்கு ஒன்று, பக்ரீரியாவுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒரு ஸ்டீரொய்ட். சுரோலன் மைக்கோனசோல், பொலிமிக்சின் பி, பிரெட்னிசொலோன் மூன்றும் சேர்ந்தது. கபில நிற மெழுகும் புளித்த வாடையும் உள்ள காதில், அதாவது மலசீசியா என்ற பூஞ்சை பெருகிய காதில், இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் அதிகம் காணும் வகையும் அதுவே. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை, பதுளை, பசறைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் இதை எதிர்பாருங்கள். இந்த மருந்தில் இரண்டு குறை உண்டு. தடிப்பானது, நன்றாகக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். அடுத்தது, சீழ் இருந்தால் பொலிமிக்சின் செயலிழந்துவிடும். கழுவாமல் விட்டு "இது கேட்கவில்லை" என்று சொல்வது அந்த மருந்துக்குச் செய்யும் அநியாயம்.

ஓட்டோமேக்ஸ் போன்றவற்றில் ஜென்டாமைசின், குளோட்ரிமசோல், பீட்டாமெதசோன் இருக்கும். பக்ரீரியா கூடிய காதுக்கு இது வலுவான தெரிவு. ஆனால் செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் உட்காதுக்குப் போய்க் கேட்கும் திறனையும் சமநிலையையும் கெடுக்கக்கூடும். ஓட்டோஸ்கோப்பால் உள்ளே பார்க்காமல் யாராவது இதைத் தந்தால் வாங்காதீர்கள். அயல் வீட்டு நாய்க்கு எழுதியதைக் கடன் வாங்கவும் கூடாது.

வைத்தியரே ஒரே தடவை விட்டு, பல நாள் உள்ளே தங்கி வேலை செய்யும் ஜெல் வகைகளும் வந்திருக்கின்றன. ஒசர்னியா என்றால் ஒரு டியூப், ஏழு நாள் கழித்து இன்னொன்று. தினமும் இரண்டு வேளை மருந்து விட முடியாமல் கொழுந்து மலைக்கோ வேலைக்கோ போய் வருகிறவர்களுக்கும், கடிக்க வரும் நாய்க்கும் இவை பெரிய உதவி. விட்ட பிறகு காதைக் கழுவக் கூடாது, கழுவினால் மருந்து போய்விடும். விட்டவுடன் நாய் தலையை உதறும்போது அதன் கண்ணிலும் உங்கள் கண்ணிலும் தெறிக்காமல் பாருங்கள்.

எந்தப் போத்தலானாலும் அளவில் ஒரு சிக்கல் உண்டு. "ஐந்து சொட்டு" என்பது சின்ன நாய்க்கும் 30 கிலோ லெப்ரடோருக்கும் ஒன்றாக முடியாது. பெரிய நாயின் குழாயில் ஐந்து சொட்டு பாதி வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். வைத்தியரிடம் மில்லிலீட்டரில் கேளுங்கள், ஊசி இல்லாத 1 மில்லிலீட்டர் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். அவர் ஒரு காதுக்கு அரை மில்லிலீட்டர், நாளுக்கு இரண்டு வேளை, 14 நாள் என்றால் மொத்தம் 14 மில்லிலீட்டர். 15 மில்லிலீட்டர் போத்தல் ஒரு காதுக்குத்தான் காணும், இரண்டு காதுக்கு இரண்டு போத்தல் வேண்டும். நடுவில் மருந்து முடிந்து, டவுனுக்குப் போக நாலு நாள் பிந்தி, அந்த இடைவெளியில் கிருமி திரும்புவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். நாற்றம் போனதும் நிறுத்துவதும் அப்படியே. காது நலமென்று சொல்ல வேண்டியது மூக்கல்ல, கண்ணாடித் தகட்டில் எடுத்த இரண்டாவது மாதிரி.

அந்தத் தகட்டுப் பரிசோதனை இல்லாமல் எந்த மருந்தையும் மதிப்பிட முடியாது. வைத்தியர் பஞ்சுக் குச்சியில் எடுத்த அழுக்கைத் தகட்டில் உருட்டி, சாயமேற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். பூஞ்சையா, உருண்டை பக்ரீரியாவா, கோல் வடிவ பக்ரீரியாவா என்பது தெரியும். கோல் வடிவமும் மஞ்சள் பச்சைச் சீழும் தாங்க முடியாத வலியும் சேர்ந்தால் சூடோமோனாஸ் என்ற பக்ரீரியா என்று சந்தேகிக்க வேண்டும். அது சாதாரண மருந்துகளுக்கு இலேசில் அடங்காது. எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் கிருமி வளர்ப்புப் பரிசோதனை தேவைப்படும். ட்ரிஸ்-ஈடிடிஏ என்ற திரவத்தால் முதலில் நனைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து மருந்து விடுவது நல்ல பலன் தரும். இந்த நிலையில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குப் போவது பயனுள்ளது. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி வழியாகவும், நுவரெலியாவிலிருந்து புசல்லாவை வழியாகவும் வருவோருக்குக் கண்டிக்கு முன்பே பேராதனை வந்துவிடும். போகும் நாளில் காதைக் கழுவாதீர்கள், கழுவினால் மாதிரி எடுக்க ஒன்றும் இருக்காது.

கோப்பித் தூள் போலக் கறுத்து உதிரும் அழுக்கு, அதுவும் குட்டியில், காதுப் பேன் என்ற சிற்றுண்ணியின் அடையாளம். அதன் வாழ்க்கைச் சுற்று மூன்று கிழமை, ஆகவே மூன்று நாள் மருந்தால் தீராது. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒன்றாகச் சிகிச்சை செய்யுங்கள். லயத்தில் நாய்கள் ஒன்றோடொன்று புரளும் இடத்தில் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரே காதில் திடீரென்று வந்தால் புல் விதை புகுந்திருக்கலாம். அதை வைத்தியர்தான் இடுக்கியால் எடுக்க வேண்டும்.

வீட்டு மருந்துகள் எதற்கும் இதில் இடமில்லை. தேங்காயெண்ணெய் மெழுகோடு சேர்ந்து பசையாகி, மருந்து இறங்கும் வழியை அடைக்கும். காய்ச்சிய பூண்டெண்ணெய் புண்ணைச் சுடும், நக்கினால் பூண்டு நாய்க்கு நஞ்சு. வினாகிரி புண்ணில் எரியும். ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைத்து ஈரத்தை விட்டுப் போகும். டெட்டோலைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்தால், காதைத் தாண்டி நாயைப் பாருங்கள். பாதத்தை நக்குகிறதா, அக்குள் சிவக்கிறதா, வயிற்றைச் சொறிகிறதா? அப்படியானால் தோல் ஒவ்வாமைதான் வேர், காது அதன் ஒரு கிளை. மாட்டிறைச்சி, கோழி, பால், கோதுமை ஆகியவை அடிக்கடி ஒத்துக்கொள்ளாத உணவுகள். சந்தேகத்தைத் தீர்க்க எட்டுக் கிழமை உணவுச் சோதனை செய்யலாம். நாய் இதுவரை தின்னாத ஓர் இறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும் மட்டும். கிழங்கு வெலிமடையிலும் நுவரெலியாவிலும் விளைகிறது, பஞ்சமில்லை. கறி மிச்சம், பால்மா, பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கட் துண்டு எதுவும் கூடாது. ஒரு பிஸ்கட் போதும், நாள் எண்ணிக்கை குழம்பிவிடும். வளரும் குட்டிக்கு இந்த உணவு போதாது, வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள். எட்டுக் கிழமையில் சொறிச்சல் அடங்கினால் பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்துப் பாருங்கள். திரும்ப வந்தால் சோதனை உறுதி. உணவு காரணமில்லையென்றால், காது ஆறிய பிறகு கிழமைக்கு இரண்டு முறை ஸ்டீரொய்ட் சொட்டு மட்டும் விடும் தடுப்பு முறையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அடிக்கடி வரும் காதுக்கு ஒவ்வொரு தடவையும் அன்டிபயோடிக் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

காதின் அடியை அழுத்திப் பாருங்கள். நலமான காது ரப்பர் போல வளைந்து கொடுக்கும். குழாய் கல்லுப் போல இறுகியிருந்தால் சுண்ணாம்பு படிந்துவிட்டது, அதை எந்தப் போத்தலும் திரும்ப இளக்காது, சத்திர சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம் அது. நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி தள்ளாடினாலோ, வாய் திறக்க முடியாமல் கத்தினாலோ நோய் நடுக்காதுக்கோ அதையும் தாண்டியோ போயிருக்கலாம். அந்த நேரத்தில் காதில் ஒன்றும் விடாமல், அன்றைக்கே திரீவீலர் பிடித்துக் கொண்டுபோங்கள்.