தமிழ் விக்கிப்பீடியா: புதுப் பயனருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் விதிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஐந்து தூண்கள் (அடிப்படைக் கொள்கைகள்), நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை (எழுதியதைச் சான்று கொண்டு சரிபார்க்க முடிவது), குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்குரிய முக்கியத்துவம்) என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். புதியவர் கணக்குத் தொடங்கியதும் அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்புச் செய்தி விழும். அதில் இந்தப் பக்கங்களுக்கெல்லாம் இணைப்பு இருக்கும். யாரும் படிப்பதில்லை. முதல் கட்டுரை நீக்கப்பட்ட பிறகுதான் தேடிப் போகிறார்கள். வழிகாட்டல் தரமாகவே இருக்கிறது, ஆனால் வேண்டிய நேரத்தில் கண்ணில் படுவதில்லை. இந்தச் சேவையைப் பற்றிய முதன்மையான புகார் அதுதான்.

கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம் போதும். மின்னஞ்சல் கட்டாயமில்லை என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம். கடவுச்சொல் மறந்தால் மீட்க வேறு வழியில்லை. தட்டச்சுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். தொகுப்புப் பெட்டிக்குள் கண்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் தமிழ் உள்ளீடு வரும். தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு இரண்டும் உண்டு. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

பழகிப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது. அங்கே எப்படித் தப்பாக எழுதிப் பழகினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தொகுப்பதற்கு இரண்டு வழிகள்: ‘தொகு’ என்பது காட்சித் தொகுப்பி (பக்கம் தெரியும் தோற்றத்திலேயே எழுதுவது), ‘மூலத்தைத் தொகு’ என்பது குறிகளோடு எழுதுவது. மூலத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு வேடிக்கையான பொறி காத்திருக்கிறது. பத்தி தொடங்கும்போது கொஞ்சம் இடம் விட்டு எழுதுவது பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். விக்கியில் வரியின் முதலில் ஒரே ஒரு வெற்றிடம் இருந்தாலும் அந்த வரி ஒரு சாம்பல் கட்டத்துக்குள் போய், தட்டச்சுப் பொறி எழுத்து போல மாறிவிடும். கட்டுரை கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். அந்த வெற்றிடத்தை அழித்தால் சரியாகிவிடும். பத்தி பிரிக்க ஒரு முறை எண்டர் தட்டினால் போதாது, இடையில் ஒரு வெற்று வரி வேண்டும்.

அடுத்தது உள்ளிணைப்பு, அதாவது ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு இன்னொரு விக்கிக் கட்டுரைக்கு இணைப்பது. ஆங்கிலத்தில் இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை. ‘மதுரையில்’ என்பதை [[மதுரை]]யில் என்று எழுதிவிடலாம், ஏனென்றால் வேர்ச்சொல் உடையவில்லை. ‘தஞ்சாவூரில்’ என்று வரும்போது ‘ர்’ என்பது ‘ரி’ ஆகிவிடுகிறது. அங்கே [[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]] என்றுதான் எழுத வேண்டும். மாவட்டம், குளம், சங்கம் என்று ‘ம்’ முடிவுள்ள எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புதியவர்களின் கட்டுரைகளில் சிவப்பு இணைப்புகள் (இல்லாத பக்கத்துக்குப் போகும் இணைப்புகள்) குவிவதற்குப் பாதிக் காரணம் இந்த வேற்றுமை உருபு. மற்றொரு காரணம் தலைப்பு எழுதும் முறை: முன்னெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி. ‘மு. கருணாநிதி’ கிடைக்கும், ‘மு.கருணாநிதி’ சில சமயம் கிடைக்காது.

கட்டுரைகள் நீக்கப்படுவதற்கு அடிக்கடி காரணமாவது காப்புரிமை. ஊர்க் கோயிலைப் பற்றி எழுத வருபவர் கோயிலின் வலைத்தளத்திலிருந்து தல வரலாற்றை வெட்டி ஒட்டுகிறார். உடனடி நீக்கல். ‘எங்கள் கோயில், நாங்களே எழுதியது’ என்ற வாதம் செல்லாது. விக்கியில் இடப்படும் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போகிறது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ‘வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம்’ என்று போட்டிருக்கும் தளத்தின் உரையும் இதனால்தான் ஆகாது. உரிமையாளரே கொடுக்க விரும்பினால் மின்னஞ்சல் வழியாக அனுமதி பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. அதைவிடச் சொந்த நடையில் எழுதிவிடுவது சுலபம்.

சொந்த நடை என்றதும் அடைமொழிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘மிகவும் சக்தி வாய்ந்த இத்தலத்தில் வேண்டியது நிறைவேறும்’ நிற்காது. ‘இங்கு வேண்டினால் திருமணத் தடை நீங்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை’ என்று எழுதி, அதைச் சொல்லும் நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் கொடுத்தால் நிற்கும். ஊர்ப் பெரியவர் சொன்னது எவ்வளவு உண்மையானாலும் நம்பகமான வெளியீட்டில் வராதவரை சான்றாகாது. இந்த விதி கிராமத்துச் செய்திகளுக்குக் கொடுமையானதுதான். சான்று தேட நல்ல இடங்கள் உண்டு: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைச் செய்திகளுக்கு ‘நூலகம்’ என்ற மின்னூலகத் தளம், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு விக்கிமூலம் என்ற விக்கி நூல் தளம். காட்சித் தொகுப்பியில் வலை முகவரியை ஒட்டினால் மேற்கோளைத் தானே நிரப்பித் தரும். தமிழ்ச் செய்தித்தளங்களுக்குத் தேதியோ எழுதியவர் பெயரோ விடுபட்டு வருவதுண்டு, கையால் சேர்த்துவிட வேண்டும். செய்தி இணைப்புகள் சில ஆண்டுகளில் செத்துப்போகும் என்பதால் இணைய ஆவணகத்தில் (Internet Archive) ஒரு படி சேமித்து வைப்பது நல்லது.

மொழிபெயர்ப்புக் கருவிதான் இரண்டு பக்கமும் கூரான கத்தி. ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாகப் பக்கத்தில் வைத்து, இணைப்புகளையும் மேற்கோள்களையும் கூடவே கொண்டுவருகிறது. எந்தக் கட்டுரையிலிருந்து பெயர்த்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (என்ன மாற்றினோம் என்ற சிறு குறிப்பில்) அதுவே பதிந்துவிடும். உரிமச் சிக்கல் தீர்ந்தது. இயந்திரம் தரும் தமிழை அப்படியே வெளியிடும்போதுதான் வம்பு. ‘இவர் ஒரு இந்தியத் திரைப்பட நடிகர் ஆவார்’ என்ற வகைத் தொடர்கள் தமிழ் விக்கியின் தீராத நோய். ‘இந்தியத் திரைப்பட நடிகர்’ போதும். அந்த ‘ஒரு’வும் வேண்டாம், ‘ஆவார்’உம் வேண்டாம். மூத்த பயனர்கள் இதில் கறாராக இருப்பதற்குப் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் ஊதியம் கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைப் பெயர்த்து இங்கே ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, தமிழ் படிக்க முடியாமல் இருந்தது. அதைச் சீர்செய்யும் சுமை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

ஆளிடம் கேட்க வேண்டுமென்றால் ஒத்தாசைப் பக்கம். பொது உரையாடலுக்கு ஆலமரத்தடி. பெயர்களே அழகு. பதிலளிக்கிறவர்கள் ஊதியம் வாங்காதவர்கள், அதனால் சில கேள்விகளுக்குச் சில மணி நேரத்தில் பதில் வரும், சிலவற்றுக்கு நாள்கணக்காகும். மூலத்தில் எழுதிக் கேட்டால் முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இடுங்கள், பெயரும் நேரமும் தானாக விழும். ‘பதிலளி’ பொத்தானை அழுத்தினால் அதுவும் தேவையில்லை. உங்கள் தொகுப்பை யாராவது மீளமைத்துவிட்டால் (பழையபடி ஆக்கிவிட்டால்) திரும்பப் போட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம், தடைதான் மிஞ்சும். பக்க வரலாற்றைத் திறந்து சுருக்கத்தைப் படித்துவிட்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். நீக்கப்பட்ட கட்டுரையும் ஒரேயடியாக அழிந்துவிடுவதில்லை; நிர்வாகிகளால் அதைப் பார்க்க முடியும். காப்புரிமை மீறல் இல்லாத பட்சத்தில், அதை உங்கள் மணல்தொட்டிக்கு மீட்டுத் தரும்படி கேட்கலாம்.